வடகோடிக் கடற்கரையில் கூடாரம்: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் கூடாரம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ஏறத்தாழ 68 பாகையில் இருக்கிறது இந்த இடம். மலைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும். அவற்றின் காலடியில் சின்னச் சின்ன மணல் கரைகள். ஒரு கழிப்பறை, வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம், ஓர் அறிவிப்புப் பலகை, பல கரைகளில் வசதி அவ்வளவுதான். ஜூலையில்கூடப் பகலில் 12, 13 டிகிரி வெயில் சாதாரணம். மழையும் காற்றும் எந்த நேரமும் வரும்.

கோடையில் நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு இந்தக் கரைகளில் தங்குவது என் வழக்கம். அங்கே பக்கத்துக் கூடாரங்களில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்த கோளாறுகள்தான் கீழே இருப்பவை. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கூடாரத்தின் குறையால் வருவதில்லை, அது நிற்கும் இடத்தால் வருகின்றன. புதுக் கூடாரம் வாங்கக் கிளம்பும் முன் பத்து மீட்டர் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

எண்களை இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மருத்துவ அவசரம் 113, போலீஸ் 112, தீ 110. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் விடியும்வரை காத்திருக்க முடியாத உடல்நலக் குறைவுக்கு 116117.

## முளை பிடிக்கவில்லை, இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது

முதலில் சாய்வைப் பாருங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு முளைக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நேராக அடித்த முளையும், கூடாரத்தின் பக்கம் சாய்த்து அடித்த முளையும் முதல் பலத்த காற்றிலேயே கழன்றுவிடும். இதைத் திருத்தியும் நிற்கவில்லையென்றால் தரை என்ன தரை என்று பார்க்க வேண்டும்.

மணல் என்றால். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகளை மணலில் எவ்வளவு ஆழமாக அடித்தாலும் பயனில்லை. முளையைப் படுக்க வைத்துப் புதையுங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக. முளையின் நடுவில் கயிற்றைக் கட்டிக் குழியில் கிடத்துங்கள். கயிறு மேலே வருவதற்கு ஒரு சாய்வான கீறல் வெட்டிவிடுங்கள்; இல்லையென்றால் கயிறு முளையை மேல்நோக்கித் தூக்கிவிடும். ஈர மணலைப் போட்டு மூடிக் காலால் நன்றாக மிதியுங்கள். முளைக்குப் பதிலாகக் கரையில் ஒதுங்கிய கட்டைத் துண்டு, மணல் நிரப்பிய துணிப்பை எதுவும் சரிதான். மணல் நிரப்பிய பை, கடையில் விற்கும் மணல் முளையைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பது என் அனுபவம். எனவே அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

புல்லும் கறுப்பு மண்ணும் என்றால். மேலே உறுதியாகத் தெரியும், கீழே பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் கரிச்சேற்று நிலம் இது. முளை சுலபமாக இறங்கினால் சந்தேகப்படுங்கள். அகலமான, V வடிவ நீள முளை வேண்டும். அது இல்லையென்றால் ஒரே கயிற்றுக்கு இரண்டு முளைகளை முன்னும் பின்னுமாக அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையோடு கட்டுங்கள்.

இரண்டு அங்குலத்தில் பாறை தட்டுகிறது என்றால். சுத்தியலால் அடித்து முளையை வளைக்காதீர்கள். இழுகயிற்றை நீளமாக விட்டு, ஒரு சிறு கல்லைச் சுற்றிக் கட்டி, அந்தக் கல்லுக்கு முன்னால், அதாவது கூடாரத்தின் பக்கம், ஒரு பெரிய கல்லைக் கயிற்றின் மேல் வையுங்கள். சிறு கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் நகராது. கயிறு பாறை விளிம்பில் உரசும் இடத்தில் பழைய காலுறை ஒன்றைச் சுற்றிவிடுங்கள். ஓர் இரவுக் காற்று போதும், மெல்லிய கயிறு அறுந்துவிடும்.

கல்லை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இந்தத் தீவுகளில் கற்காலம் முதல் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். புல் மூடிய மேடும் வரிசையாகக் கிடக்கும் கற்களும் பழைய வீட்டின் அடித்தளமாகவோ கல்லறையாகவோ இருக்கலாம். நார்வேயில் 1537-க்கு முந்தைய எந்தத் தொல்தடயமும் தானாகவே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஆகவே கடலோரம் சிதறிக் கிடக்கும் உருண்டைக் கற்களை மட்டும் எடுங்கள், கிளம்பும்போது எடுத்த இடத்திலேயே போடுங்கள். பண்ணை வேலியிலும் மீன் காயப்போடும் மரச்சட்டங்களிலும் கயிறு கட்டாதீர்கள். அவை ஒருவரின் பிழைப்பு.

## காற்றில் கூடாரம் படுத்துவிடுகிறது

அவசரமாக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் எல்லோரும் செய்வது. அதில் பலனில்லை. வரிசையாக இதைச் செய்யுங்கள்.

இழுகயிறுகள் எல்லாம் கட்டியிருக்கிறதா? புதிதாக வருகிறவர்களில் பலர் நாலு மூலைக்கு மட்டும் முளை அடித்துவிட்டு, பக்கவாட்டுக் கயிறுகளைச் சுருட்டியபடியே விட்டிருப்பார்கள். அந்தக் கயிறுகளும் கட்டினால்தான் கம்பிகள் நிற்கும்.

மழையில் நனைந்த பிறகு மேல்துணியைத் திரும்ப இறுக்கினீர்களா? நைலான் நனைந்தால் தளரும். மாலையில் விறைப்பாக இருந்தது இரவில் தொய்ந்து பாய்மரம்போல் காற்றை வாங்கும். படுக்கப் போகும் முன் ஒருமுறை எல்லாக் கயிறுகளையும் இறுக்குங்கள்.

எந்தப் பக்கம் காற்றைப் பார்க்கிறது? நீளக் கூடாரமென்றால் குறுகிய, தாழ்ந்த முனை காற்றை எதிர்நோக்க வேண்டும். வாசல் காற்றுக்கு எதிர்ப்புறம். காற்று திசை மாறிவிட்டால் கூடாரத்தைத் திருப்பிப் போடச் சோம்பல் படாதீர்கள். இரண்டு பேர் இருந்தால் கால்மணி நேர வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் அவ்வப்போது மேலிருந்து யாரோ தள்ளுவதுபோல் அடிக்கிறது என்றால், மலைக்கு மிக நெருக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். லோஃபோட்டனில் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மலைக்குப் பின்னால் ஒதுங்கினால் பாதுகாப்பு என்று சமவெளியில் பழகியவர்களுக்குத் தோன்றும். இங்கே காற்று மலையைத் தாண்டி வந்து மறுபுறம் பாறையோடு கீழே பாய்கிறது. பத்து நிமிடம் அசைவே இருக்காது, அப்புறம் திடீரென்று ஓர் அடி. கடல் பரப்பில் வெள்ளையாகத் தண்ணீர்த்தூள் சுழன்று ஓடுவதைப் பார்த்தால், அதுதான் மலையிலிருந்து விழும் காற்று. மலையடியை விட்டு வெளியே, ஒரு மணல்மேட்டுக்கோ ஆள் உயரப் பாறைக்கோ பின்னால் இடம் மாற்றுங்கள். அங்கே காற்று தொடர்ந்து அடிக்கும். ஆனால் ஒரே சீராக அடிக்கும், கூடாரம் அதைத் தாங்கும்.

யுர் வானிலை செயலியில் காற்றுக்கு இரண்டு எண்கள் வரும். அடைப்புக்குள் இருக்கும் எண்தான் வீச்சுக் காற்று. கூடாரத்தைச் சாய்ப்பது அதுதான். நான் வைத்திருக்கும் கணக்கு இது: அடைப்புக்குள் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் காட்டினால், நின்றபடி நுழையும் குடும்பக் கூடாரத்தை மாலையிலேயே பிரித்துவிட வேண்டும். 20-க்கு மேல் என்றால் எந்தக் கூடாரமும் வேண்டாம். வண்டியிலோ, பக்கத்து முகாம் இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு மரவீட்டிலோ படுங்கள்.

நள்ளிரவில் நிலைமை கைமீறினால் கம்பிகளை உருவிவிடுங்கள். துணியைத் தரையோடு படுக்கவிட்டு மேலே கல்லும் பைகளும் வைத்துவிட்டு, ஆட்களை வண்டிக்கோ கழிப்பறைக் கட்டடத்துக்கோ கொண்டுபோங்கள். தரையோடு கிடக்கும் கூடாரம் காலையில் அப்படியே இருக்கும். நிற்க வைக்கப் போராடிய கூடாரத்தில் கம்பி முறிந்து துணியும் கிழியும்.

### கம்பி வளைந்துவிட்டது, அல்லது முறிந்துவிட்டது

லேசாக வளைந்த அலுமினியக் கம்பியை நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தும்போதுதான் உடையும். அப்படியே பயன்படுத்துங்கள்.

முறிந்திருந்தால், கூடாரப் பையின் அடியில் விரல் நீளத்தில் ஒரு சிறு உலோகக் குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள். பலருக்கு அது எதற்கென்றே தெரியாது. முறிவின் மேல் அதைச் சறுக்கி ஏற்றி, இரு முனையிலும் டேப் சுற்றினால் பயணம் முடியும்வரை தாங்கும். குழாய் இல்லையென்றால் இரண்டு முளைகளை முறிவின் இருபுறமும் அணைத்து வைத்து இறுக்கமாக டேப் சுற்றுங்கள். முனையில் கூர் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேலும் துணியோ டேப்போ சுற்றிவிடுங்கள், மேல்துணியைக் கிழித்துவிடும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறிகிறதா? கம்பித் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று முழுவதும் இறங்காமலே வளைக்கிறீர்கள். பொருத்துவாயில் மணல் இருக்கும், துடையுங்கள். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்துவிட்டதாலும் துண்டுகள் விலகும். முனை முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் வெட்டிக் கட்டினால் சரியாகும். இரண்டு மூன்று இடங்களில் விரிசல் தெரிந்தால் கம்பி வரிசையை மொத்தமாக மாற்றுவதுதான் வழி. தயாரிப்பாளரிடம் கூடாரத்தின் மாதிரிப் பெயரைச் சொன்னால் கம்பி மட்டும் தனியாகக் கிடைக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

## காலையில் உள்ளே எல்லாம் ஈரம்

'டென்ட் ஒழுகுது' என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் கூடாரம் ஒழுகுவதில்லை. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை.

மழையே பெய்யாத இரவிலும் நனைகிறதா? அப்படியென்றால் ஒழுகல் இல்லை. மேல்துணியின் அடிப்புறம் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளிகள் இருக்கின்றனவா? அதுவும் ஒழுகல் இல்லை. தையல் ஓரமாகவோ ஒரு மூலையிலோ மட்டும் கோடாக ஈரம் இறங்குகிறதா? அங்கே ஒழுகுகிறது.

படிந்த ஈரம் என்றால் காற்றுத் துளைகளைத் திறங்கள். குளிருகிறது என்று எல்லாவற்றையும் மூடுவதால்தான் இது வருகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடம் திறந்திருக்க வேண்டும். ஈர உடுப்பை உள்ளே தொங்கவிடாதீர்கள். வாசல் முன்றிலில் தண்ணீர் கொதிக்க வைக்காதீர்கள். ஓடைக்கரையையும் பள்ளத்தையும் விட்டுக் கொஞ்சம் மேட்டுக்குப் போங்கள்; லேசான காற்று படும் இடத்தில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். இவ்வளவு செய்தும் கடற்பனி இறங்கும் இரவில் ஈரம் இருக்கத்தான் செய்யும். ஒரு சிறு துண்டைத் தலைமாட்டில் வைத்து எழுந்ததும் துடைத்துவிடுங்கள்.

மேல்துணி உள்கூடாரத்தைத் தொடுகிறது என்றால் தொட்ட இடத்தில் ஈரம் உள்ளே வந்துவிடும். கயிறுகளை இறுக்குங்கள், பைகளைச் சுவரோரம் சாய்க்காதீர்கள். இதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

தரையில் மட்டும் ஈரம் என்றால் கூடாரத்துக்கு அடியில் போட்ட விரிப்பைப் பாருங்கள். அது மேல்துணியின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், மேலே விழும் மழை முழுவதையும் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். உள்பக்கமாக மடித்துவிடுங்கள். மழையிரவுகளில் இதுபோல் தலையெழுத்தை மாற்றும் வேலை வேறொன்றும் இல்லை. விரிப்பு சரியாக இருந்தும் முழங்கால் ஊன்றும் இடத்தில் ஈரம் கசிந்தால் தரைத்துணி தேய்ந்துவிட்டது.

தையலில் ஒழுகினால் எந்த மாதிரித் துணி என்று தெரிந்துகொண்டு மருந்து வாங்குங்கள். சிலிக்கான் பூசிய துணியில் சிலிக்கான் பசை மட்டுமே ஒட்டும். பாலியூரித்தேன் பூசியதற்கு அதற்குரிய பசை. மாற்றிப் பூசினால் காய்ந்ததும் உரிந்துவிடும். கரையில் அவசரத்துக்கு டேப் ஒட்டலாம். துணி நன்றாகக் காய்ந்திருந்தால்தான் நிற்கும்.

துணியின் உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டிக் கெட்ட வாடை அடிக்கிறதா? பூச்சு கெட்டுவிட்டது. ஈரத்தோடு சுருட்டி வைத்த கூடாரங்களுக்கு வரும் முடிவு இது. சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். அந்த உழைப்புக்கு அது தாங்குவதில்லை. மேல்துணியை மாற்றுங்கள்.

## இரவில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது

மழை இல்லை, ஆனால் கூடாரத்தின் ஓரம் தண்ணீர் நிற்கிறது. முதலில் நாக்கில் தொட்டுப் பாருங்கள்.

உப்பு என்றால் கடல் ஏறிவிட்டது. உடனே மேலே நகருங்கள், காரணத்தைப் பிறகு யோசிக்கலாம். பெரிய ஏற்ற நாள்களில் இங்கே கடல் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே 2 மீட்டருக்கு மேல் உயரம் மாறும். தட்டையான கரையில் அது வெகுதூரம். வற்றியிருக்கும்போது வந்து, ஈரமில்லாத மணலைப் பார்த்துக் கூடாரம் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காய்ந்த கடற்பாசி வரிசையைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் வரிசை இருந்தால் ஆக உயரத்தில் இருப்பதுதான் கணக்கு. அதற்கும் மேலே, புல் தொடங்கும் இடத்தைத் தாண்டித்தான் கூடாரம். கடலிலிருந்து கரை நோக்கிப் பலத்த காற்று அடித்தால் அட்டவணையில் உள்ளதைவிடத் தண்ணீர் அதிகமாகவே ஏறும். நார்வேயின் நில அளவைத் துறையான கார்ட்வெர்க்கெட், இடவாரியாகக் கடல்மட்ட நேரங்களை இணையத்தில் தருகிறது. மாலையில் ஒரு பார்வை பாருங்கள்.

உப்பு இல்லையென்றால் மலையிலிருந்து வருகிறது. சில மணி நேரத்துக்கு முன் மேலே பெய்த மழை இப்போதுதான் இறங்கும். ஓடையின் ஓசை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள், மேட்டுக்கு மாறுங்கள். கூடாரத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டாதீர்கள். இந்தக் குளிரில் புல் திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும்.

கடல்நீர் பட்ட பொருள்களை நல்ல தண்ணீரில் அலசாமல் காயவைத்துப் பயனில்லை. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

## ஸ்டவ் எரியவில்லை, அல்லது சுடர் மெலிகிறது

பொறி வரவில்லை. ஸ்டவ்வில் இருக்கும் பொத்தான் ஈரத்தில் வேலை செய்யாது. தீப்பெட்டியோ லைட்டரோ ஈரம் படாத பையில் எப்போதும் இருக்கட்டும்.

பற்றுகிறது, ஆனால் சுடர் சிறியது. குப்பியில் கேஸ் இருக்கிறதா? தண்ணீரில் மிதக்கவிட்டால் தெரியும். காலியானது உயரமாக மிதக்கும். கேஸ் இருந்தும் மெலிந்தால் குப்பி குளிர்ந்துவிட்டது. வெறும் பியூட்டேன் சுமார் பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாக மறுத்துவிடும். எரியும்போது குப்பி தானாகவும் குளிர்வதால் 5 டிகிரிக் காலையிலேயே தகராறு தொடங்கும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பியை வாங்குங்கள். விமானத்தில் கேஸ் குப்பி கொண்டுவரக் கூடாது. லெக்னெஸ், ஸ்வொல்வார் போன்ற ஊர்களில் இறங்கியதும் வாங்கிவிடுங்கள். இப்போதைக்கு, குப்பியை இரண்டு கைகளிலும் பொத்திப் பிடியுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் சற்று நேரம் நிறுத்துங்கள். தீயில் காட்டக் கூடாது.

சுடர் ஒருபக்கமாகச் சாய்கிறது, மஞ்சளாகிறது. மணல் அடைத்திருக்கும். குப்பியைக் கழற்றிவிட்டு எரிமுனையைத் தட்டி ஊதுங்கள். காற்றுக்கு மறைப்பு வைக்கலாம். ஆனால் குப்பியின் மேல் நேராக உட்காரும் ஸ்டவ்வைச் சுற்றி முழுவட்டமாக மறைத்தால் குப்பி சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. ஒருபக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

கேஸ் வாடை, சீறல். திருகிய இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வளையத்தை மாற்றும்வரை அந்த ஸ்டவ் வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று சோதிப்பதற்கு முன் பக்கத்தில் எங்கும் நெருப்பில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வளையத்தை மாற்றியும் கசிந்தால் ஸ்டவ்வைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

### ஸ்டவ் எரியும்போது தலை வலிக்கிறது, குமட்டுகிறது

இதற்கு எந்தச் சோதனையும் கிடையாது. எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். மூடிய கூடாரத்தில் எரியும் ஸ்டவ்வும், 'அணைந்துவிட்டது' என்று உள்ளே எடுத்து வைத்த கரி அடுப்பும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு வாடையில்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், அப்படியே உயிர் போகும். வெளியே வந்தும் ஒருவர் தள்ளாடினாலோ, குழம்பிப் பேசினாலோ, எழுப்ப முடியாமல் கிடந்தாலோ 113. தலைவலி போய்விட்டது என்றாலும் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் படுக்க வேண்டும். மழையானாலும் குளிரானாலும் சமையல் வெளியே. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

## ஸ்லீப்பிங் பேக் நல்லதுதான், ஆனாலும் குளிர்கிறது

படுத்தபடியே உடம்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். கீழே சில்லென்று இருந்தால் பேக்கைக் குறை சொல்லாதீர்கள், மேட் போதவில்லை. காற்றடித்த மேட் தளர்ந்திருந்தால் ஓட்டை: வாயருகே வைத்து அழுத்தி உதட்டில் காற்று படுகிறதா என்று தேடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திக் குமிழைப் பாருங்கள். காயவைத்து ஒட்டுங்கள். ஓட்டை இல்லாமலே கீழே குளிர்ந்தால், உங்களிடம் இருக்கும் வெறும் காற்று மேட் கோடைக்கால மேட். முதுகுப்பை, மழைக்கோட்டு, மாற்றுடுப்பு எல்லாவற்றையும் கீழே விரியுங்கள். அடுத்த முறைக்கு ஆர் மதிப்பு (R-value, தரையின் குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3-க்குக் குறையாத மேட், அல்லது ஒரு ஃபோம் பாய் கூடுதலாக.

கீழே சரி, மேலேதான் குளிர்கிறது என்றால் அன்று முழுக்க உடுத்திய சட்டையோடு படுத்திருக்கிறீர்களா? வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் அதில் இருக்கும். உள்ளாடை முதல் காலுறைவரை காய்ந்ததாக மாற்றுங்கள், தலைக்குத் தொப்பி. கொஞ்சம் கொழுப்பான தின்பண்டம் சாப்பிட்டுவிட்டு, சுடுதண்ணீர் நிரப்பிய குப்பியைக் காலுறைக்குள் போட்டு வயிற்றோடு அணையுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள். இறகு நிரப்பிய பேக் ஈரத்தில் கட்டிதட்டிவிடும். வெயில் வரும் நேரமெல்லாம் வெளியே உதறிப் போடுங்கள். தினமும் சற்றுச் சற்றாக ஈரம் ஏறி, மூன்றாம் நாள் இரவில்தான் குளிர் தெரியும்.

இந்த இடத்தில் நிறுத்தி உதவி கூப்பிடுங்கள்: நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், நாக்குக் குழறினால், ஜிப்பை இழுக்கக்கூடக் கை வராவிட்டால், 'எனக்கு ஒன்றுமில்லை, தூங்க விடுங்கள்' என்றால். நடுக்கம் நின்றது நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உடம்பு தோற்கத் தொடங்கிய அடையாளம். 113. ஆள் வரும்வரை அவரைப் படுக்க வைத்தபடியே ஈர உடுப்பைக் கழற்றி, கீழும் மேலும் காய்ந்ததைப் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள், மது கொடுக்காதீர்கள்.

## ஜிப் சிக்குகிறது, மூடிய பின் பின்னால் பிரிந்துகொள்கிறது

சிக்கினால் மணலும் உப்பும். பழைய பல்துலக்கியும் நல்ல தண்ணீரும் போதும். எண்ணெய் போடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டும். மெழுகுவத்தியை லேசாகத் தேய்க்கலாம்.

மூடியது பின்னால் பிரிந்தால் இழுவை விரிந்துவிட்டது. இடுக்கியால் அதன் இரு பக்கமும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒருமுறை இரண்டுமுறை இது கைகொடுக்கும். அப்புறம் இழுவையை மாற்ற வேண்டும். ஜிப்பையே மாற்றச் சொல்லும் தையல்காரரிடம் இழுவை மட்டும் கேளுங்கள்.

## தூக்கம் வரவில்லை

மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இங்கே சூரியன் மறையாது. கண்பட்டி கட்டுங்கள். குழந்தைகளைக் கடிகாரம் பார்த்துப் படுக்க வையுங்கள். வெளிச்சத்தை நம்பினால் நள்ளிரவில் மணலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

## தலைக்கு மேல் பறவை பாய்கிறது

ஆர்க்டிக் ஆலா என்ற சிறு வெள்ளைப் பறவை. அலகு சிவப்பு, தலை கறுப்பு. கத்திக்கொண்டே தலையைக் கொத்த வரும். அது தரையில், வெறும் கற்களுக்கு நடுவில் முட்டையிடும். நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிறீர்கள். காரணம் வேறு எதுவும் இல்லை. தொப்பியை ஒரு கம்பில் மாட்டித் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியும் பார்த்து வைத்து விலகுங்கள். பாய்ச்சல் நிற்கும் தொலைவுக்குக் கூடாரத்தை மாற்றுங்கள். நீங்கள் அங்கேயே இருக்கும்வரை தாய் முட்டைமேல் உட்காராது, இந்தக் குளிரில் முட்டை கெட்டுவிடும்.

ஆடுகள் இழுகயிற்றில் உரசினால் கயிற்றில் வெள்ளைத்துணி கட்டிவிடுங்கள், ரொட்டியை வெளியே வைக்காதீர்கள். நாய் கொண்டுவந்திருந்தால் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை வாரில்தான் இருக்க வேண்டும், இது நாடு முழுக்கச் சட்டம்.

## 'இங்கே போடக் கூடாது' என்று ஒருவர் வந்து சொல்கிறார்

நார்வேயில் எங்கும் கூடாரம் போடலாம் என்று கேள்விப்பட்டு வந்திருப்பீர்கள். 1957-ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்க்கைச் சட்டம் அந்த உரிமையைத் தருவது உண்மைதான். அதற்கு எல்லைகளும் உண்டு. வரிசையாகப் பாருங்கள். அறிவிப்புப் பலகை இருக்கிறதா? லோஃபோட்டனில் கூட்டம் அதிகமான பல இடங்களில் உள்ளூர்த் தடை இருக்கிறது, அங்கே பொது உரிமை செல்லாது. பக்கத்தில் ஆள் வசிக்கும் வீடோ விடுமுறை வீடோ 150 மீட்டருக்குள் இருக்கிறதா? தரை உழுத நிலமா, வைக்கோலுக்கு வளர்க்கும் புல்லா? ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தாண்டிவிட்டனவா? இவற்றில் ஒன்றுக்கு ஆமென்றால் வந்தவர் சொல்வது சரி. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். பக்கத்தில் எங்கே போடலாம் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் நல்ல இடத்தைக் கைகாட்டுவார்கள். கட்டணம் கேட்கும் கரைகளில் கட்டணத்தைக் கொடுங்கள். கழிப்பறையையும் குப்பையையும் அந்தப் பணத்தில்தான் பார்க்கிறார்கள்.

நெருப்பு மூட்டியதற்காக வந்திருந்தால்: ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் திறந்த நெருப்புக்குத் தடை. தீப் பரவ வழியில்லாத கடலோரத்தில் மூட்டலாம், ஆனால் வறண்ட நாள்களில் அதற்கும் தடை வரும்.

## உதவி கூப்பிட வேண்டும், சிக்னல் இல்லை

உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள். அவசர அழைப்பு, கிடைக்கிற எந்த வலையமைப்பிலும் போகும். அதுவும் கிடைக்கவில்லையென்றால் மலைக்கு எதிர்ப்புறமாக, திறந்த கடல் தெரியும் முனைக்கு நடந்து போய் முயலுங்கள். சாலை இல்லாத குவால்விகா போன்ற கரைகளில் மலையின் கணவாய்வரை ஏற வேண்டி வரலாம். ஒருவரை நோயாளியோடு விட்டுவிட்டு இன்னொருவர் போகட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், போனை உள்சட்டையில் வையுங்கள். யெல்ப் 113 (Hjelp 113) என்ற செயலி நீங்கள் நிற்கும் இடத்தை அழைப்போடு சேர்த்து அனுப்பும். ஊரில் இணையம் இருக்கும்போதே அதை இறக்கிக்கொள்ளுங்கள், கரையின் பெயரை நார்வே எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கூடாரப் பையில் போட்டு வையுங்கள்.